மாதிரி விமானத்தின் சமநிலைப் புள்ளி: கண்டறிதலும் சரிசெய்தலும்

ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானம் ஒன்றைப் புதிதாகக் கட்டி முடித்தவருக்கு, அதை அன்றைக்கே பறக்கவிட்டுப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் எழுவது இயல்புதான். மோட்டார் சுழல்கிறது, இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பாகங்களைத் திருப்பும் சிறு மோட்டார்களான சர்வோக்கள் சொன்னபடி அசைகின்றன, பேட்டரி முழுவதும் சார்ஜ் ஆகியிருக்கிறது. இனி என்ன தாமதம் என்று மனம் கேட்கும். ஆனால் அந்த விமானத்தின் மொத்த எடையும் எந்தப் புள்ளியில் குவிந்து நிற்கிறது என்பதை அளந்து பார்க்காமல் கையை விட்டு அனுப்பினால், மற்ற வேலைகள் எல்லாம் குறையின்றி இருந்தும் அது சில விநாடிகளில் தரையில் மோதி உடையக்கூடும். அளவுகோல், மாஸ்கிங் டேப், பென்சில், ஒரு சிறிய எடைத்தராசு ஆகியவை கையில் இருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை இது. மாதக்கணக்கில் உழைத்துக் கட்டிய விமானத்துக்காக அந்த அரை மணி நேரத்தைச் செலவிடாமல் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. ஆகவேதான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

சமநிலைப் புள்ளி என்பது என்ன

விமானத்தின் எல்லாப் பாகங்களின் எடையும் ஒரே இடத்தில் சேர்ந்து செயல்படுவதாகக் கொள்ளத்தக்க புள்ளியே ஈர்ப்பு மையம். மாதிரி விமானக்காரர்கள் பேச்சில் இதைச் ‘சி.ஜி.’ என்றே சொல்வார்கள். இறக்கையின் அடியில் இரண்டு விரல்களைக் கொடுத்துத் தூக்கும்போது, மூக்கும் தாழாமல் வாலும் தாழாமல் விமானம் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடமே நாம் தேடும் சமநிலைப் புள்ளி. காற்றில் விமானம் மூக்கை உயர்த்துவதும் தாழ்த்துவதும் பக்கவாட்டில் சாய்வதும் இந்தப் புள்ளியைச் சுற்றியே நடக்கின்றன.

இது எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு புள்ளி. அதை நடுநிலைப் புள்ளி என்பார்கள். பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் மூக்கை ஒரு காற்றுவீச்சு சற்றே மேலே தூக்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் இறக்கையிலும் கூடுதலாகத் தூக்குவிசை பிறக்கிறது, வாலிலும் பிறக்கிறது. இவ்விரண்டு கூடுதல்களும் சேர்ந்து செயல்படும் இடமே நடுநிலைப் புள்ளி. ஈர்ப்பு மையம் அதற்கு முன்னால் இருந்தால், பின்னால் பிறந்த அந்தக் கூடுதல் விசை வாலைத் தூக்கி மூக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். விமானம் தானாகவே திருந்திக்கொள்கிறது. ஈர்ப்பு மையம் அதற்குப் பின்னால் இருந்தாலோ, அதே விசை மூக்கை இன்னும் மேலே தள்ளும். ஒவ்வொரு சிறு அசைவும் பெரிதாகிக்கொண்டே போகும். அதைக் கட்டுப்பாட்டுக் குச்சியால் அடக்கி நிறுத்தப் பழக்கமும் வேகமும் வேண்டும், புதியவருக்கு அது கைகூடாது.

இதைப் பெரிய விமானங்களைக் கட்டியவர்களும் பாடுபட்டே கற்றார்கள். 1871-இல் பாரிஸில் அல்போன்ஸ் பெனோ பறக்கவிட்ட, முறுக்கிய ரப்பரால் இயங்கிய சிறிய மாதிரி விமானம், எடை முன்னாலும் தக்க கோணத்தில் வைத்த கிடைவால் பின்னாலும் இருந்ததால் 11 விநாடிகள் யாருடைய கட்டுப்பாடும் இன்றி நிலைகுலையாமல் பறந்தது. 32 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ரைட் சகோதரர்களின் 1903-ஆம் ஆண்டு விமானத்திலோ ஈர்ப்பு மையம் மிகவும் பின்தங்கியிருந்தது. அது மேலும் கீழுமாக அலைந்துகொண்டே பறந்தது. அடுத்த ஆண்டு கட்டிய விமானத்தின் முன்பகுதியில் சுமார் 32 கிலோ இரும்பைச் சுமையாகச் சேர்த்த பிறகே அதை அடக்கி ஓட்ட முடிந்தது. மூக்கில் எடை சேர்ப்பதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

புள்ளி எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தல்

ஆயத்தப் பெட்டியாக வாங்கிய விமானம் என்றால் அதன் கையேட்டிலும், வரைபடத்தைப் பார்த்துக் கட்டியது என்றால் அந்த வரைபடத்திலும் சமநிலைப் புள்ளி குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் ‘முன்விளிம்பிலிருந்து இத்தனை மில்லிமீட்டர்’ என்றே எழுதியிருப்பார்கள். இங்கே புதியவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு: அந்த முன்விளிம்பு எந்த இடத்தில் உள்ள முன்விளிம்பு? இறக்கை உடற்பகுதியைத் தொடும் இடத்திலா, இறக்கையின் இரு பாதிகளும் சேரும் நடுக்கோட்டிலா? இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் இவ்விரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. படத்தில் அம்புக்குறி எங்கே தொடங்குகிறது என்று உற்றுப் பார்த்த பிறகே அளவுகோலை எடுக்க வேண்டும்.

கையேடு இல்லாத விமானத்துக்கும் சொந்தமாக வடிவமைத்த விமானத்துக்கும் நாமே கணக்கிட வேண்டியிருக்கும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை உள்ள தூரத்தை நாண் என்பார்கள். பின்னால் வழக்கமான அளவில் வால் உள்ள விமானத்தில், சராசரி நாணின் 25 முதல் 33 விழுக்காட்டுக்குள் சமநிலைப் புள்ளி அமைவது நல்லது. முதன்முறை பறக்கவிடும்போது இந்த எல்லையின் முன்பகுதியில், அதாவது 25 முதல் 28 விழுக்காட்டில் வைத்துக்கொள்ளுமாறு சொல்வேன். வால் இல்லாத பறக்கும் இறக்கைகளுக்கு இந்த அளவு பொருந்தாது. அவற்றுக்கு 15 முதல் 20 விழுக்காடு வரைதான். சிறிய இறக்கை முன்னாலும் பெரிய இறக்கை பின்னாலும் உள்ள கனார்ட் வகைக்கு இந்த விழுக்காட்டுக் கணக்கே உதவாது. இரண்டு இறக்கைகளின் பரப்பையும் இடைவெளியையும் சேர்த்துத் தனியாகக் கணக்கிட வேண்டும். அவ்வகையை முதல் விமானமாகத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே நலம்.

வாலின் அளவு இதில் பெரும் பங்கு வகிக்கிறது. வால் பெரிதாகவும் தொலைவிலும் இருந்தால் நடுநிலைப் புள்ளி பின்னோக்கி நகரும். அதனோடு ஈர்ப்பு மையத்தையும் பின்னோக்கி வைக்க இடம் கிடைக்கும். மிகப் பெரிய வால் வைத்த சில பழைய போட்டி விமானங்களில் நாணின் பாதிக்கும் அப்பால் சமநிலைப் புள்ளி குறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்து அச்சுப்பிழை என்று எண்ணிவிடக் கூடாது. ஈர்ப்பு மையத்துக்கும் நடுநிலைப் புள்ளிக்கும் இடையே எத்தனை விழுக்காடு இடைவெளி இருக்கிறது என்பதுதான் உண்மையான அளவு. பயிற்சி விமானத்துக்கு அது சராசரி நாணில் 10 முதல் 15 விழுக்காடு இருந்தால் நிம்மதியாகப் பறக்கும். சாகச விமானங்களை ஓட்டுபவர்கள் அதை 5 விழுக்காட்டுக்கும் கொண்டுவருவார்கள்.

இறக்கையின் நடுக்கோட்டு முனையான வேரிலிருந்து நுனி வரை ஒரே அகலம் உள்ள செவ்வக இறக்கைக்குக் கணக்கு மிக எளிது. நாண் 20 செ.மீ. என்றால், முன்விளிம்பிலிருந்து 5 செ.மீ. என்பது 25 விழுக்காடு; 6.6 செ.மீ. என்பது 33 விழுக்காடு.

நுனி நோக்கிக் குறுகும் இறக்கைக்குச் சராசரி நாணைக் கண்டுபிடித்தாக வேண்டும். வேர் நாணின் வர்க்கம், நுனி நாணின் வர்க்கம், இரண்டின் பெருக்கற்பலன் ஆகிய மூன்றையும் கூட்டி, அதை இரு நாண்களின் கூட்டுத்தொகையால் வகுத்து, வந்ததை இரண்டால் பெருக்கி மூன்றால் வகுக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைப் போட்டே பார்ப்போம். வேர் நாண் 24 செ.மீ., நுனி நாண் 16 செ.மீ., இறக்கையின் முழு நீளம் 150 செ.மீ., நுனியின் முன்விளிம்பு வேரின் முன்விளிம்பைவிட 6 செ.மீ. பின்தள்ளி இருக்கிறது. 576, 256, 384 ஆகியவற்றைக் கூட்டினால் 1216. அதை 40-ஆல் வகுத்தால் 30.4, அதில் மூன்றில் இரண்டு பங்கு 20.27 செ.மீ. இதுவே சராசரி நாண்.

அடுத்து, அந்த நாண் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் அமைகிறது என்று பார்க்க வேண்டும். நுனி நாணை இரட்டித்து வேர் நாணோடு கூட்டினால் 56. அதை 40-ஆல் வகுத்தால் 1.4, அதை ஒரு பக்க இறக்கையின் நீளமான 75 செ.மீ.-இன் மூன்றில் ஒரு பங்கால், அதாவது 25-ஆல் பெருக்கினால் 35 செ.மீ. நுனிக்குப் போகும் 75 செ.மீ. தூரத்தில் முன்விளிம்பு 6 செ.மீ. பின்தள்ளுகிறது என்றால், 35 செ.மீ. தூரத்தில் 2.8 செ.மீ. பின்தள்ளியிருக்கும். சராசரி நாணில் 25 விழுக்காடு 5.07 செ.மீ. இவ்விரண்டையும் கூட்டினால், நடுக்கோட்டில் உள்ள முன்விளிம்பிலிருந்து ஏறக்குறைய 7.9 செ.மீ. பின்னால் நமது புள்ளி அமைய வேண்டும். இந்தக் கணக்கைத் தவிர்த்துவிட்டு வேர் நாணில் கால் பங்கு என்று 6 செ.மீ.-இல் குறித்திருந்தால், 1.9 செ.மீ. முன்னால் போயிருப்போம், அது சராசரி நாணில் 9 விழுக்காட்டுக்கும் மேல். விமானம் பறக்கும், ஆனால் தரையிறங்கும்போது மூக்கை உயர்த்த முடியாமல் திணறும்.

எண்கள் பிடிக்காதவர்கள் காகிதத்தில் இறக்கையை அளவு குறைத்து வரைந்தும் இதைக் காணலாம். வேர் நாணின் பின்முனையிலிருந்து நுனி நாணின் நீளத்துக்குப் பின்னோக்கி ஒரு கோட்டை நீட்டுங்கள். நுனி நாணின் முன்முனையிலிருந்து வேர் நாணின் நீளத்துக்கு முன்னோக்கி ஒரு கோட்டை நீட்டுங்கள். நீட்டிய முனைகள் இரண்டையும் நேர்கோட்டால் இணையுங்கள். வேர் நாணின் நடுவையும் நுனி நாணின் நடுவையும் இணைக்கும் கோட்டை அது எங்கே வெட்டுகிறதோ, அங்கே உள்ள நாணே சராசரி நாண். கணக்கில் தவறு நேர்ந்திருக்கிறதா என்று சரிபார்க்க நான் இன்றும் இந்த வரைபட முறையையே நாடுகிறேன்.

பறக்கும் நிலைக்குக் கொண்டுவருதல்

அளப்பதற்கு முன் விமானம் பறக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே இருக்க வேண்டும். புரொப்பெல்லர், ஸ்பின்னர், சக்கரங்கள், விமானி பொம்மை, மேல்மூடி, திருகாணிகள் எல்லாம் அதனதன் இடத்தில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். வர்ணமும் ஒட்டுப்படங்களும் பாக்கியிருந்தால் அவற்றை முடித்த பிறகே அளக்க வேண்டும். வாலில் பூசும் வர்ணத்தின் சில கிராம்கூடக் கணக்கில் வரும். பேட்டரியை அதன் இடத்தில் வைத்து இறுக்குங்கள், ஆனால் மின் இணைப்பைக் கொடுக்காதீர்கள். கைகளும் முகமும் புரொப்பெல்லருக்கு அருகில் இருக்கும் வேலை இது; மோட்டார் தவறுதலாகச் சுழல இடம் தரக் கூடாது.

எரிபொருளில் இயங்கும் விமானத்தில் தொட்டியைக் காலியாக வைத்தே அளக்க வேண்டும். தொட்டி பெரும்பாலும் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் இருப்பதால், எரிபொருள் தீரத் தீர ஈர்ப்பு மையம் பின்னோக்கி நகரும். காலித் தொட்டியோடு சரியாக இருந்தால், நிறைந்த தொட்டியோடு சற்று மூக்குக் கனமாக மட்டுமே இருக்கும். அது பாதுகாப்பான பக்கம். சக்கரங்கள் உள்ளே மடங்கும் விமானமாக இருந்தால், மடங்கிய நிலையிலும் இறங்கிய நிலையிலும் இருமுறை அளந்து, இரண்டுமே எல்லைக்குள் வருகின்றனவா என்று பாருங்கள்.

அளத்தல்

உடற்பகுதியின் இரு பக்கமும் இறக்கையில் சிறு மாஸ்கிங் டேப் துண்டுகளை ஒட்டி, கணக்கிட்ட தூரத்தை அவற்றின்மேல் பென்சிலால் குறிக்க வேண்டும். இரண்டு குறிகளும் நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். அவற்றை இணைக்கும் கோடு உடற்பகுதிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். பின்சாய்ந்த இறக்கையில் ஒவ்வொரு பக்கமும் அந்தந்த இடத்து முன்விளிம்பிலிருந்து அளந்தால் தவறிவிடும். நடுக்கோட்டில் ஒருமுறை அளந்து, அங்கிருந்து ஒரு நீண்ட அளவுகோலைக் குறுக்கே வைத்து இரு பக்கமும் குறிப்பதே சரி.

விமானத்தை எந்தப் பக்கமாகத் தூக்குவது என்பதையும் யோசிக்க வேண்டும். இறக்கை உடற்பகுதியின் மேலே இருந்தால் நேராகவே தூக்கலாம். உடற்பகுதி விரல்களுக்குக் கீழே தொங்குவதால் விமானம் அமைதியாக நிற்கும். இறக்கை அடியில் இருந்தால் நேராகத் தூக்கும்போது கனமெல்லாம் விரல்களுக்கு மேலே இருக்கும், எந்தப் பக்கமாவது கவிழ்ந்துகொண்டே இருக்கும். ஆகவே அத்தகைய விமானத்தைத் தலைகீழாகத் திருப்பி, குறிகளை இறக்கையின் மேற்புறத்தில் இட்டு அளக்க வேண்டும். அப்போது பேட்டரி நகர்ந்துவிடாமல் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விரல் நுனி அகலமானது, மென்மையானது. அது தாங்கும் இடம் எது என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. 20 செ.மீ. நாணில் அரை செ.மீ. தவறினாலே 2.5 விழுக்காடு தவறுகிறது. ஒரு பலகையில் உடற்பகுதியின் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் இரண்டு துளையிட்டு, ரப்பர் முனை மேலே வருமாறு இரண்டு பென்சில்களை நிறுத்தினால் போதும், நம்பகமான தாங்கி ஒன்று கிடைத்துவிடும். உயரம் போதாவிட்டால் பென்சிலுக்குப் பதிலாக மரக்குச்சிகளைப் பயன்படுத்தலாம். ரப்பர் முனை இறக்கையின் மேலுறையைக் கிழிக்காது, வழுக்கவும் செய்யாது. இறக்கையின் உள்ளே குறுக்குக் கட்டை எங்கே ஓடுகிறது என்று தெரிந்து அதன் அருகே தாங்குவது நல்லது. வெறும் மேலுறையில் தாங்கினால் பொத்துக்கொள்ளும். இந்த வேலையை மின்விசிறி ஓடாத அறைக்குள் செய்யுங்கள்.

விமானத்தை அந்தக் குறிகளில் வைத்து மெல்லக் கையை எடுங்கள். உடற்பகுதியின் நடுக்கோடு அல்லது கிடைவால் தரைக்கு இணையாக நின்றால் வேலை முடிந்தது. இறக்கையின் அடிப்பரப்பை வைத்து மட்டம் பார்க்காதீர்கள். அது பெரும்பாலும் சிறு கோணத்தில் பொருத்தப்பட்டிருக்கும். மூக்கு தாழ்ந்தால் ஈர்ப்பு மையம் குறிக்கு முன்னால் இருக்கிறது. வால் தாழ்ந்தால் பின்னால் இருக்கிறது. தாழ்கிறது என்று தெரிந்ததோடு நின்றுவிடாமல், விமானத்தைத் தாங்கியின்மேல் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக நகர்த்தி, மட்டமாக நிற்கும் இடத்தையும் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இருக்க வேண்டிய இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் அடுத்த கணக்குக்கு வேண்டும். மூன்று முறை அளந்து மூன்றும் 2 மி.மீ.-க்குள் ஒத்துப்போனால் அந்த அளவை நம்பலாம்.

சில கிலோ எடையுள்ள பெரிய விமானத்தைத் தாங்கியில் தூக்கி நிறுத்துவது ஆபத்து. அதற்குத் தராசு முறை பொருத்தமானது. விமானத்தைப் பறக்கும் மட்டத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் எடையைப் பார்க்க வேண்டும். மூக்குச் சக்கரத்தில் 600 கிராம், பிரதான சக்கரங்கள் இரண்டிலும் சேர்த்து 2400 கிராம், மூக்குச் சக்கர அச்சுக்கும் பிரதான அச்சுக்கும் இடையே 40 செ.மீ. என்று கொள்வோம். 600-ஐ 40-ஆல் பெருக்கி, மொத்த எடையான 3000-ஆல் வகுத்தால் 8 செ.மீ. பிரதான அச்சுக்கு 8 செ.மீ. முன்னால் ஈர்ப்பு மையம் இருக்கிறது என்பது அதன் பொருள். வால் சக்கரம் உள்ள விமானத்துக்கும் இதே கணக்குதான். வாலைக் கட்டை வைத்து உயர்த்தி மட்டமாக்கிய பிறகு வாலின் எடையை வைத்துக் கணக்கிட வேண்டும், விடை பிரதான அச்சுக்குப் பின்னால் உள்ள தூரமாக வரும்.

சரிசெய்தல்

எடையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். சரிசெய்யும் வேலை முழுவதும் இந்த ஒரு பெருக்கலில் அடங்கிவிடுகிறது. 1200 கிராம் விமானத்தின் ஈர்ப்பு மையம் 6 செ.மீ.-இல் இருக்க வேண்டும், ஆனால் 7 செ.மீ.-இல் இருக்கிறது என்று கொள்வோம். நாம் ஈடுசெய்ய வேண்டிய திருப்புத்திறன் 1200 கிராம்-செ.மீ. பேட்டரியின் எடை 150 கிராம் என்றால், அதை 8 செ.மீ. முன்னால் நகர்த்தினால் கணக்குத் தீர்ந்தது. ஒரு கிராம்கூடக் கூட்டாமல் தீர்ந்தது என்பதுதான் இதில் சிறப்பு. ஆகவே முதலில் பேட்டரி, அடுத்து ரிசீவர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, சர்வோ என்று ஏற்கெனவே உள்ளே இருக்கும் பொருள்களை நகர்த்திப் பார்க்க வேண்டும். மின்சுற்று வயர்களின் நீளத்தையும் பேட்டரி அறையின் நீளத்தையும் கட்டும்போதே இதற்காகத் தாராளமாக விட்டுவைப்பது நல்ல பழக்கம்.

பேட்டரி 4 செ.மீ. மட்டுமே நகர முடிகிறது என்றால் 600 கிராம்-செ.மீ. பாக்கி நிற்கும். மூக்கின் முனை, இருக்க வேண்டிய புள்ளியிலிருந்து 20 செ.மீ. முன்னால் இருந்தால், அங்கே 30 கிராம் சேர்க்க வேண்டும். அதைச் சேர்ப்பதற்கு முன் வாலை ஒருமுறை பாருங்கள். வால் அதே புள்ளியிலிருந்து 60 செ.மீ. பின்னால் இருந்தால், அங்கே குறைக்கும் ஒவ்வொரு கிராமும் மூக்கில் சேர்க்கும் 3 கிராமுக்குச் சமம். கனமான வால் சக்கரத்தை மாற்றியோ, தடித்த கம்பிக்குப் பதிலாக மெல்லிய கார்பன் குச்சியைப் போட்டோ 10 கிராம் குறைத்தால், 30 கிராம் சேர்க்க வேண்டிய தேவையே எழாது. கட்டும் நாள்களிலேயே வாலில் பசையையும் கட்டையையும் அளந்து பயன்படுத்தச் சொல்வது இதனால்தான்.

சுமை சேர்த்தே ஆக வேண்டும் என்றால் எடை கூடிவிடுமே என்று தயங்க வேண்டாம். 30 கிராம் கூடிய விமானம் சற்றே வேகமாகத் தரையிறங்கும். ஈர்ப்பு மையம் பின்தங்கிய விமானம் தரையிறங்கும் வரை நம் கட்டுப்பாட்டில் இருக்குமா என்பதே ஐயம். முதலில் களிமண்ணை உருட்டி மூக்கில் ஒட்டிச் சரியான அளவைக் கண்டுபிடித்து, பிறகு அந்த உருண்டையை நிறுத்துப் பார்த்து அதே எடைக்குக் காரீயத்தைப் பொருத்தலாம். கார் சக்கரங்களுக்குப் பயன்படும் ஒட்டும் எடைகள் 5 கிராம், 10 கிராம் துண்டுகளாகக் கிடைப்பதால் வசதியானவை. ஆனால் அவற்றின் ஒட்டும் பட்டையை மட்டும் நம்பக் கூடாது. எபாக்ஸி பசையாலோ திருகாணியாலோ இறுக்க வேண்டும். காரீயத்தைத் தொட்ட பிறகு கைகளை நன்றாகக் கழுவுங்கள். அதை உலர்வாக அரம்போட்டுத் தூளைக் கிளப்பாதீர்கள்.

பேட்டரியின் அடியில் வெல்க்ரோவும் அதன்மேல் குறுக்கே ஓர் இறுக்கும் பட்டையும் கட்டாயம் இருக்க வேண்டும். செங்குத்தாக ஏறும்போது பேட்டரி பின்னால் வழுக்கிச் சென்றால், பார்த்துப் பார்த்து அளந்ததெல்லாம் ஒரு நொடியில் வீணாகிவிடும். சரியான இடம் கிடைத்ததும் அதன் முன்முனை எங்கே வர வேண்டும் என்று உடற்பகுதியின் உள்ளே கோடு போட்டுவிடுங்கள்.

இறக்கைகளின் இடவலச் சமநிலையையும் இப்போதே பார்த்துவிடலாம். புரொப்பெல்லரின் அச்சை ஒருவரும் வாலின் அடிமுனையை மற்றொருவரும் விரலால் தாங்கிப் பிடித்தால், கனமான பக்கம் மெல்லத் தாழும். எதிர்ப்பக்க இறக்கையின் நுனியில் சிறு ஆணியையோ சில கிராம் காரீயத்தையோ பதித்தால் போதும். செங்குத்தாகப் பெரிய வளையம் போடும்போது விமானம் ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு வெளியேறுவதற்கு இந்தக் குறை ஒரு காரணம்.

பறக்கவிட்டுச் சரிபார்த்தல்

தரையில் அளந்த புள்ளி, பாதுகாப்பாகத் தொடங்குவதற்கான இடம். இறுதியான இடத்தை விமானமே காற்றில் காட்டும். முதன்முறை காற்று அடங்கிய நேரத்தில், மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டரின் அசைவைக் குறைத்துவைக்கும் வசதியை, கையில் பிடித்து இயக்கும் டிரான்ஸ்மிட்டரில் ஒரு சுவிட்சில் ஏற்பாடு செய்துகொண்டு ஓட்டுங்கள். ஓட்டப் பழகியவர் ஒருவர் அருகில் இருந்தால் முதல் ஓட்டத்தை அவரிடம் கொடுப்பதில் தவறே இல்லை.

மூக்குக் கனம் கூடிய விமானம் தரையை விட்டு எழ நெடுந்தூரம் ஓடும். மட்டமாகப் பறக்க, எலிவேட்டர் குச்சியின் நடுநிலையைச் சற்றே மாற்றிவைக்கும் ட்ரிம்மை மேல்நோக்கி நிறையத் தள்ள வேண்டியிருக்கும். வேகத்தைக் குறைத்தால் மூக்கைத் தொங்கவிடும். தரையிறங்கும்போது எலிவேட்டரை முழுவதும் இழுத்தாலும் மூக்கு உயராமல் வேகமாக வந்து இறங்கும். வால் கனம் கூடிய விமானத்தின் நடத்தை வேறு. குச்சியை இம்மியளவு தொட்டாலே துள்ளும். மட்டத்தில் நிற்காமல் மேலும் கீழும் அலையும். வேகம் குறைந்ததும் திடீரென்று ஒரு பக்கம் சரிந்து சுழலத் தொடங்கும். இவை தென்பட்டால், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைச் சற்றே உயர்வாக வைத்து, அகலமான வளைவுகளில் திருப்பி, வேகத்தைக் குறைக்காமல் தரையிறக்கிவிட்டு எடையை முன்னால் நகர்த்த வேண்டும்.

ட்ரிம் வேறு, சமநிலை வேறு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விமானம் மூக்கை உயர்த்திக்கொண்டே போனால் ட்ரிம்மைக் கீழே தள்ளி மட்டமாக்கிவிடலாம். அதனால் வால் கனம் நீங்கிவிட்டது என்று ஆகாது. ட்ரிம் ஒரு வேகத்தில் விமானத்தை மட்டமாக வைக்கிறது; அந்த நிலையிலிருந்து கலைந்தால் திரும்பி வருமா என்பதை ஈர்ப்பு மையமே முடிவு செய்கிறது.

அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. முதலில் பாதி த்ராட்டிலில் கைவிட்டாலும் மட்டமாகப் பறக்குமாறு ட்ரிம் செய்யுங்கள். நல்ல உயரத்துக்கு ஏறி, த்ராட்டிலை முழுவதும் குறைத்து, ஏறக்குறைய 45 பாகைச் சரிவில் மூக்கைக் கீழ்நோக்கிச் செலுத்தி, எலிவேட்டர் குச்சியை நடுநிலைக்கு விடுங்கள். விமானம் சட்டென்று நிமிர்ந்து மேலே பாய்ந்தால் மூக்குக் கனம் அதிகம். மட்டத்தில் வைக்கக் கொடுத்திருந்த மேல்நோக்கிய ட்ரிம், வேகம் கூடக்கூட வலுவாக வேலை செய்வதால் வரும் விளைவு அது. மெல்ல, சோம்பலாக நிமிர்ந்தால் புதியவருக்கு மிகவும் ஏற்ற இடம். நேர்கோட்டிலேயே தொடர்ந்தால் நடுநிலைப் புள்ளிக்கு நெருங்கிவிட்டோம். சரிவு மேலும் செங்குத்தாகிக்கொண்டே போனால் உடனே எலிவேட்டரை மென்மையாக இழுத்து மீட்டு, தரையிறக்கி, எடையை முன்னால் நகர்த்துங்கள். மோட்டாரின் சாய்வுக் கோணமும் வளையும் இறக்கையும் இந்தச் சோதனையின் விடையை மாற்றக்கூடும். ஆகவே ஒருமுறை பார்த்து முடிவு செய்யாமல் இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள். தலைகீழாகப் பறக்கத் தெரிந்தவர்கள், அந்நிலையில் மட்டமாகப் பறக்க எவ்வளவு எலிவேட்டர் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று பார்க்கலாம்: நிறையக் கொடுக்க வேண்டியிருந்தால் மூக்குக் கனம், எதுவும் கொடுக்காமலே மேலே ஏறினால் வால் கனம்.

மாற்றத்தைச் சிறிய படிகளில் செய்ய வேண்டும். 20 செ.மீ. நாணுக்கு ஒருமுறைக்கு 2 முதல் 3 மி.மீ. நகர்த்தினால் போதும். ஒவ்வொரு முறை நகர்த்திய பிறகும் ட்ரிம்மைத் திருத்தி, அதற்குப் பிறகே அடுத்த சோதனை. பயிற்சி விமானத்தை நடுநிலைப் புள்ளிக்கு மிக அருகே கொண்டுபோக எந்த அவசியமும் இல்லை. விமானம் எலிவேட்டருக்கு இனிமையாகவும் கையை விட்டால் அமைதியாகவும் இருக்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

நல்ல இடம் கிடைத்ததும் அதை மீண்டும் தாங்கியில் வைத்து அளந்து, இறக்கையின் அடியில் அழியாத மையால் சிறு குறியாக இட்டு, அப்போது உள்ளே இருந்த பேட்டரியின் எடையையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். பழுது பார்த்த பிறகு அளவெடுக்காமல் பறக்கவிடக் கூடாது என்பதை நான் ஓர் உடைந்த வாலிலிருந்து கற்றேன். 900 கிராம் விமானம் ஒன்றின் வாலை ஒட்டுப்பலகைத் துண்டு வைத்து நிறையப் பசையோடு ஒட்டினேன். கூடிய எடை வெறும் 12 கிராம்தான். ஆனால் அது ஈர்ப்பு மையத்துக்கு 60 செ.மீ. பின்னால் கூடியதால், புள்ளி ஏறக்குறைய 8 மி.மீ. பின்னால் போயிருந்தது, 20 செ.மீ. நாணில் அது 4 விழுக்காடு. அதுவரை அமைதியாகப் பறந்த விமானம் அன்று ஒரு சுற்றுகூட மட்டமாக வரவில்லை. புல்வெளியில் இறக்கியதால் தப்பியது. மூக்கில் 40 கிராம் ஒட்டிய பிறகுதான் பழைய குணத்துக்குத் திரும்பியது. பேட்டரியை வேறு எடைக்கு மாற்றினாலும், மோட்டாரையோ புரொப்பெல்லரையோ மாற்றினாலும், மேலுறையைப் புதுப்பித்தாலும், அந்தச் சிறு குறியில் தாங்கிப் பார்த்துவிட்டே மின் இணைப்பைக் கொடுங்கள்.